விதைத் தொம்பை

விளக்கேற்றும் நேரத்தில்தான் அர்ச்சுனன் அதைக் கவனித்தான். தொம்பையின் வாயை அடைத்திருந்த மண் ஈரமாக இருந்தது.

தொம்பை வீட்டின் உள்மூலையில் ஒரு கல் மேடைமேல் நின்றது. மூங்கில் பிளாச்சை வட்டமாகப் பின்னி, உள்ளும் புறமும் செம்மண்ணும் சாணியும் குழைத்து மெழுகிய தானியக் கூடு அது. மேடையோடு சேர்த்தால் அவன் தலை உயரம் வரும். உள்ளே அடுத்த விதைப்புக்கான சாமை இருந்தது. தை அறுவடை முடிந்ததும் கொட்டி நிரப்பி, மேலே மூங்கில் தட்டு வைத்து மூடி, தட்டைச் சுற்றி மண்ணை அப்பியாகிவிட்டது. அந்த மண் இத்தனை மாதமும் காய்ந்து, ஓடாக இறுகிக் கிடந்ததை அவன் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கூரை ஒழுகவில்லை. சுவர் கசியவில்லை. ஆனால் விரலை வைத்தால் விரலில் சேறு ஒட்டியது.

அவன் சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை பார்த்தான். ஈரம் ஒரு பக்கமாக இல்லை. சுற்றிலும் சீராக ஊறியிருந்தது.

“அம்மாவுக்கு வேர்க்குதுப்பா” என்றாள் மங்கா.

ஆறு வயது மகள். தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள், தலையை நிமிர்த்தவே இல்லை. நீ தண்ணி ஊத்தினியா என்று அவன் கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி கேட்டான். மறுபடியும் அதே தலையாட்டல். அவன் கை ஓங்கிவிட்டது. அதைப் பார்த்து மடியில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழ ஆரம்பிக்க, ஓங்கிய கையால் தன் காதைப் பொத்திக்கொண்டான்.

தொம்பைக்குள் அம்மா இருக்கிறாள் என்று மகளுக்குச் சொல்லி வைத்தது வேறு யாருமில்லை, அவனேதான்.

ஓட்டுக் கேட்க நெல்லிவாசல் நாட்டு மலைக்கு ஜீப் மேல் ஜீப்பாக ஏறி வந்த அதே மாசியில், அவன் மனைவி வெள்ளையம்மாளைக் கீழே இறக்க ஒரு வண்டி கிடைக்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பில் பிடித்த காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, கடைசியில் அவளை ஒரேயடியாகச் சாய்த்தது. கம்பில் புடவையைத் தூளியாகக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி இறக்கத்தில் தூளிக்குள் இருமல் நின்றது. வழியில் போன உயிரின் உடலைத் திரும்ப மலையேற்றுவது அந்த ஊரில் வழக்கமில்லை. அங்கேயே குழி தோண்டி முடித்துவிட்டு, வெறும் கம்போடு திரும்பி வந்தார்கள்.

வீட்டு வாசலில் மங்கா நின்றிருந்தாள். அம்மா எங்கே என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் உன் அம்மா செத்துப்போனாள் என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பை அவன் குழி மேட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். பொழுது சாய்ந்துவிட்டது, கால் வலித்தது, கைப்பிள்ளை பசியில் கத்தியது. கண்ணில் பட்டது தொம்பை. போன மாதம்தான் வெள்ளையம்மாள் இருமிக்கொண்டே அதன் வாயை மெழுகி மூடியிருந்தாள்.

“அம்மா தொம்பைக்குள்ள தூங்குது. வெதைக்கிற அன்னிக்கு எழுந்து வரும்” என்றான்.

அந்த நேரத்துக்கு நல்ல பொய்தான். விதைத் தொம்பையை விதைப்பு நாளுக்கு முன்னால் அந்த மலையில் யாரும் திறப்பதில்லை. இடையில் காற்றுப் பட்டால் விதை சூடு பிடித்து முளைக்காமல் போகும் என்று பயம். பட்டினி கிடந்தாலும் கிடப்பார்களே தவிர அந்த மண்ணில் கை வைக்க மாட்டார்கள். ஆகவே பொய்யும் விதையோடு பத்திரமாக இருக்கும், மழை வருவதற்குள் குழந்தை மறந்துவிடும் என்று கணக்குப் போட்டான். பிள்ளைகள் மறந்துவிடும் என்பது பெரியவர்களுக்கு எப்போதுமே சௌகரியமான நம்பிக்கை.

மங்கா மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் தொம்பையில் வாயை வைத்து, ஆடு குட்டி போட்டதையும் தன் பல் ஆடுவதையும் சொல்லுவாள். பிறகு காதை வைத்துக் கேட்பாள். தன் பங்குக் களியில் ஒரு உருண்டையைக் கிண்ணத்தில் போட்டு மேடையில் வைப்பாள். விடிவதற்குள் எலி தின்றுவிடும். கிண்ணம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அவள் முகம் மலரும். அர்ச்சுனன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருப்பான்.

படுத்திருப்பதுதான் அவன் வேலை என்று ஆகிவிட்டது. முதலில் தூக்கம் போனது. பிறகு தூக்கம் மட்டுமே மிஞ்சியது. நெஞ்சின்மேல் யாரோ குந்தியிருப்பதாகவே எந்நேரமும் ஒரு பாரம். குளிக்கத் தோன்றவில்லை, கலப்பையைத் தொடத் தோன்றவில்லை. ஆட்டுப்பாலைக் காய்ச்சிப் பாலாடையில் ஊற்றிப் புகட்ட உட்கார்ந்தால், பாதியிலேயே கை நின்றுவிடும், எதற்காக உட்கார்ந்தோம் என்பதே மறந்துவிடும். பிள்ளையின் அழுகை அவனுக்குக் காதில் கேட்பதில்லை, பல்லின் வேரில் கேட்கும். ஒருநாள் கிணற்றடியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதுமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. ஆனால் அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் தன் கைகளைப் பார்த்தே பயந்தான். அந்தப் பிள்ளையைத் தன்னிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற கவலை ஒன்றுதான் அவனை நாள்தோறும் எழுப்பி உட்கார வைத்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? மனசு நொந்தால் அதுவும் ஒரு நோய் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டு, ஒன்று சோம்பல், இன்னொன்று பேய். அண்ணன் கோபால்சாமி முதலாவதைச் சொன்னார். பூசாரி இரண்டாவதைச் சொல்லிக் கயிறு கட்டினார். அம்மை ஊசி போட ஜீப்பில் வந்த டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சத்து டானிக் கொடுத்தார். டானிக் இனிப்பாக இருந்ததால் மங்கா குடித்துத் தீர்த்தாள். அண்ணி அம்மாக்கண்ணு முதல் சில வாரம் கைப்பிள்ளையை வாங்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு தாயை முழுங்கினது என் வாசப்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால்தானோ என்னவோ, பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகும் அவனுக்குப் பெயர் வைக்க யாரும் வரவில்லை. தம்பி என்பதே பெயராக நின்றுவிட்டது.

ஆனி கடைசியில் மழை பிடித்தது. ஊரெல்லாம் தொம்பை திறந்தார்கள், ஊரெல்லாம் விதைத்தார்கள். அர்ச்சுனன் மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு போனான். மங்கா அம்மாவின் புடவையைத் துவைத்து, காயப்போட்டு, மடித்து வைத்திருந்தாள். வெறும் சாமையைப் பார்த்து அந்த முகம் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் முதலில் தள்ளிப்போட்டான்.

பிறகு பயம் இடம் மாறியது.

ஒரு மழைப் பொழுதில், மங்கா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருந்த நேரம், அவனும் தொம்பையில் காதை வைத்துப் பார்த்தான். எதற்கு வைத்தான் என்று அவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது. புல் கூரையில் மழை இறங்குகிற சத்தத்துக்கும், அடுப்பில் ஈர விறகு சீறுகிற சத்தத்துக்கும் அடியில், மெழுகிய மண்ணின் சில்லிப்புக்கு அந்தப் பக்கம், சாமை மெதுவாகச் சரிந்து இறங்குகிற ஓசை கேட்டது, தூக்கத்தில் ஒருத்தி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டு படுப்பதைப் போல. எலியாக இருக்கும் என்று நினைத்தான். வண்டாக இருக்கும் என்று நினைத்தான். அப்போது உள்ளே இருமல் கேட்டது. வறட்டு இருமல், அதன்பின் தொண்டையைச் செருமும் ஒரு சின்னச் சத்தம். தை மாதம் முழுக்க அவன் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல் அது. அவன் காதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி மழையில் நின்றான்.

மண் ஈரமானது அதற்கடுத்த வாரம்தான்.

அன்று விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில் கோபால்சாமி வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் குடையோடு நின்றே பேசினார். விதைக்காத கொல்லை புல் மண்டிக் கிடப்பதைச் சொன்னார். பெண் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார், வீட்டில் ஒரு பொம்பளை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவர் பேசப் பேச அர்ச்சுனன் பார்வை தொம்பையின் பக்கமே போய்ப் போய் வந்தது.

“ஊரு சிரிக்குதுடா. நாளைக்குக் காலைல வர்றேன். நீ தெறக்கலன்னா நானே தெறந்து வெதைய எட்த்துகினு போய்டுவேன்” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

மங்கா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“அப்ப நாளைக்கு அம்மா வந்துடும்” என்றாள்.

அந்த இரவு அவன் விளக்கை அணைக்கவில்லை. ஈரம் தட்டின் ஓரத்திலிருந்து இறங்கி, தொம்பையின் வயிற்றில் கோடு கோடாகப் படர்ந்தது. பச்சை மண் வாசனை வந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை, பால் கட்டிய மார்புத் துணியின் புளித்த வாசனை, வீட்டை மெல்ல நிறைத்தது. அது கைப்பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டு, பிள்ளையை முகர்ந்து பார்த்தான். பிள்ளையிடம் ஆட்டுப்பால் வாசனைதான் இருந்தது.

விடிந்ததும் கோபால்சாமி வரவில்லை. இரண்டு வீட்டுக்கும் இடையில் ஓடும் கானாற்றில் வெள்ளம். மழை ஒரே சீராகக் கொட்டியது.

பிள்ளை எழுந்ததிலிருந்தே அழுதது. பல் முளைக்கிற சூடு. புகட்டிய பாலைக் கக்கியது. தோளில் போட்டால் அழுதது, தூளியில் போட்டால் அழுதது, தரையில் விட்டால் தவழ்ந்து வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. மங்கா கிலுகிலுப்பையை ஆட்டினாள், பாட்டுப் பாடினாள், ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்து காட்டினாள். ஒன்றுக்கும் நிற்கவில்லை. உச்சி வேளை தாண்டியது. மழைச் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் ரம்பமாக ஏறி இறங்கியது. அர்ச்சுனன் பிள்ளையைத் தூக்கி ஆட்டினான். ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தவன் சட்டென்று குனிந்து பார்த்தபோது, அந்தக் குட்டிப் புஜத்தில் தன் விரல்கள் பதிந்து, சதை வெளுத்துப் போயிருந்ததைக் கண்டான்.

நெருப்பைத் தொட்டவனாகப் பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். இன்னும் கொஞ்ச நேரம் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. திரும்பிப் போய், தொம்பையின் மேல் இரண்டு கையாலும் அறைந்தான்.

“நீ பெத்ததுதானே வெள்ளையம்மா. வந்து வாங்கிக்கோ. என்னால ஆவல. நீயே வாங்கிக்கோ.”

செத்துப் புதைந்தவளிடம்தான் சொன்னான். ஆனால் கேட்டுக்கொண்டு நின்றது மங்கா. கதவருகே நின்றவளை அவன் பார்த்தான். மூலையில் போய்ச் சுருண்டு, கம்பளியைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டான். காதைப் பொத்தினான். பிள்ளை அழுதது. அழுதது. கம்பளிக்குள் அவனும் அழுதான். எப்போது தூங்கினான் என்று தெரியாது.

விழித்தபோது அமைதியாக இருந்தது.

மழை விட்டிருந்தது. கூரை ஓரத்திலிருந்து சொட்டும் நீர், எங்கோ ஒரு மயில், அவ்வளவுதான். வெள்ளையம்மாள் போன பிறகு அப்படி ஒரு அமைதியை அவன் கேட்டதே இல்லை. நெஞ்சின்மேல் குந்தியிருந்தது எழுந்து போயிருந்தது. கண்ணைத் திறக்காமல், கை காலை நீட்டி, அந்தச் சுகத்தை முழுசாக அனுபவித்தான். பிள்ளை தூங்கிவிட்டது, நல்லது, தூங்கட்டும் என்று நினைத்தான். ஒரு மனுஷன் அப்படிக் கொஞ்ச நேரம் கிடப்பதில் என்ன தப்பு என்றுதான் அவனுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தான்.

பிறகு பச்சை மண் வாசனை மூக்கில் ஏறியது.

எழுந்து உட்கார்ந்தான். பொழுது இறங்கி, வீட்டுக்குள் சாம்பல் வெளிச்சம். பாய் காலி. தூளி காலி. வாசலில் மங்கா குந்தி, ஒரு சட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை செம்மண்.

“தம்பி எங்க?”

“அம்மா வாங்கிகிச்சு” என்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “குடுத்தேன்ப்பா. கொஞ்ச நேரத்துல அழுவய நிறுத்திடுச்சு.”

அவன் தலை தானாகத் திரும்பியது. பரணுக்குச் சாத்தும் ஏணி தொம்பைமேல் சாய்ந்திருந்தது. கீழே கருக்கரிவாள். பெயர்த்துப் போட்ட ஈர மண் கட்டிகள். மேலே, தட்டைச் சுற்றி, புது மண்.

“மூடினது யாரு?”

“நான்தான். காத்து பட்டா வெதை கெட்டுடும் இல்ல?”

அவன் ஏணியில் தாவினான். ஒரு படி முறிந்தது. ஏறினான். மண் கெட்டியாக அப்பியிருந்தது. அதில் சின்ன விரல்களின் தடம், வரி வரியாக. பொறுப்பான வேலை. ஒரே ஒரு இடத்தில், சுவரோரம், அவள் கை எட்டாத இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பால் வாசனை.

கையை ஓங்கினான். ஒரு குத்து. ஒரே குத்தில் அந்த ஈர மண் பிய்ந்துவிடும்.

அப்போது கேட்டது.

உதட்டைச் சப்பும் சத்தம். ச்சப். ச்சப். வயிறு நிறையக் குடிக்கும் பிள்ளையின் சத்தம். அதோடு ஒரு முனகல், வார்த்தையில்லாத தாலாட்டு. அவள் குரல். நடுவில் ஒரு செருமல். அவளேதான்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

உடைத்தால் வெளியே வருவது எது? அவள் முகமா? அவன் கை பட்ட தடத்தைப் பிள்ளையின் புஜத்தில் பார்த்துவிட்டு நிமிரும் முகமா? இல்லை, வெறும் சாமையும், அந்த அழுகையுமா? மறுபடியும் அந்த அழுகையா? நாளைக்கும்? நாளை மறுநாளும்? இந்தக் கைகளோடு?

உள்ளே சப்பும் சத்தம் மெலிந்தது. தூங்கப் போகிறது. அவளிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை. பத்திரமாக இருக்கிறது.

“அப்பா” என்றாள் மங்கா கீழேயிருந்து. இரண்டு கையாலும் ஒரு மண் உருண்டையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். “அந்தப் பக்கம் எனக்கு எட்டல.”

அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

சந்தில் வைத்தான். அழுத்தினான். கட்டை விரலால் நீவினான். வெதுவெதுப்பு நின்றது. வாசனை நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, அவன் விரலுக்கு நேர் அடியில், உள்பக்கம், பிராண்டும் சத்தம். மெதுவாக. விட்டுவிட்டு. அவளும் உள்ளேயிருந்து மெழுகுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் மண் கேட்டான். மங்கா கொடுத்தாள். அந்தச் சத்தம் ஓயும் வரை, அர்ச்சுனன் மேலிருந்து மெழுகிக்கொண்டே இருந்தான்.